ஓடைப்பதியின் முதல் ஹார்ட்

சின்னையனுக்கு ஹார்ட் வந்தது ஓடைப்பதியில் பெரிய சமாச்சாரம். அதற்கு முன்னால் அந்த ஊரில் யாருக்கும் ஹார்ட் கிடையாது. நெஞ்சுவலி இருந்தது, மூச்சடைப்பு இருந்தது, படுத்தவர் எழுந்திருக்காமல் போனதும் உண்டு. ஆனால் அதெல்லாம் வாயு, பித்தம், இல்லாவிட்டால் விதி. பாலக்காட்டுக்குப் போய், சட்டையைக் கழற்றி, நெஞ்சில் ஒயர் மாட்டி, கட்டம் போட்ட காகிதத்தில் கோடு எழுந்து எழுந்து விழுவதைக் கண்ணால் பார்த்து, "ஹார்ட்டாக்கும்" என்று டாக்டர் வாயாலேயே கேட்டுக்கொண்டு வந்த முதல் ஆள் சின்னையன்தான்.

ஓடைப்பதி கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. ஓட்டுப் போடுவது கேரளத்துக்கு. ரேஷன் கார்டு மலையாளத்தில். பெண் எடுப்பது, மாடு வாங்குவது, சினிமா பார்ப்பது எல்லாம் பொள்ளாச்சியில். இந்த ஊரில் எதற்கும் முதல் ஆள் பெரியமுத்துதான். முதல் கரண்ட் மோட்டார் அவர் கிணற்றில்தான் ஓடியது. முதல் ரேடியோ அவர் வீட்டில்தான் பாடியது. வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியமுத்து, இந்தப் பக்கம் சின்னையன். நடு வரப்பில் நிற்கிற தென்னைமரம் யாருடையது என்று இருவருக்கும் பழைய தகராறு. மாமன் மச்சான் முறை வேறு. எதை வாங்கினாலும் சின்னையன் இரண்டாவதாகத்தான் வாங்க முடிந்தது. ஹார்ட் ஒன்றில்தான் அவர் முந்திக்கொண்டார்.

டாக்டர் சின்னதாக ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

"இது நிறுத்தான் பாடில்ல, கேட்டோ," என்றார் டாக்டர், தமிழையும் மலையாளத்தையும் ஒரே கரண்டியில் அள்ளி. "சுகமாச்சுன்னு தோணினாலும் தானா நிறுத்தக்கூடாது. நிறுத்தணும்னா என்கிட்ட வரணும். நான் கொறச்சுக் கொறச்சு நிறுத்தித் தரும். பின்ன, பாரம் தூக்கவேண்டாம்."

இதில் சின்னையன் மனசில் நின்றது கடைசி வாக்கியம் மட்டும்தான். அன்றைக்கு முதல் அவர் பாரம் தூக்குவதில்லை. மண்வெட்டி பாரம். தண்ணீர்க்குடம் பாரம். சாப்பிட்ட தட்டும் பாரமாகிப்போனது.

"டாக்டரு மூட்டை தூக்க வேண்டாம்னுதானுங்க சொன்னாரு," என்பாள் பழனாத்தாள், அவர் மனைவி. "வெத்தலைப் பெட்டியுமா நான் எடுத்துத் தரோணும்?"

"உனக்கென்ன புள்ள தெரியும். உள்ளுக்குள்ள இருக்கறது மோட்டாராட்ட. அதுக்கு லோடு ஏத்தக்கூடாது."

ஹார்ட்டைப் பற்றி அவர் எல்லோருக்கும் இப்படித்தான் விளக்கினார். ஹார்ட் என்பது மோட்டார். ரத்தம் தண்ணீர். மாத்திரை என்பது கரண்டை ஏறாமல் இறங்காமல் பிடித்து வைக்கிற பெட்டி. சாயங்கால மாத்திரையை அவர் வீட்டில் போட்டதே இல்லை. டீக்கடைக்குப் போய், சுடுதண்ணீர் கேட்டு, நாலு பேர் பார்க்க நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். பெரியமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பேப்பர் படிப்பார். பெரியமுத்துவுக்கு இருந்தது மூலம் மட்டும்தான். அதை டீக்கடையில் சொல்லிக்கொள்ள முடியாது.

இப்படி இரண்டு வருஷம் சௌக்கியமாகப் போனது. அப்புறம் மகள் கமலாத்தாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள்.

பிள்ளை தலைமாறிக் கிடக்கிறது, கால்தான் முன்னால் வருகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உள்ளே மகள் கத்துகிற சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. சின்னையன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சு நிற்காத மனிதர், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. உள்ளுக்குள் மட்டும், ஊர் மாரியாத்தாளிடம் ஒரு பேச்சுப் பேசினார்: ரெண்டு உசிரும் நல்லபடியா எனக்குக் கெடச்சா, வர்ற நோம்பிக்கு நானே பூவோடு எடுக்கறேன் தாயே.

நோம்பி என்றால் ஊர்த் திருவிழா, பூவோடு என்றால் தீச்சட்டி. வேப்பிலை சுற்றிய மண்சட்டியில் தணல் வளர்த்து, வெறுங்கையில் ஏந்திக்கொண்டு, ஊரைச் சுற்றிக் கோயிலுக்குப் போக வேண்டும். தட்டைத் தூக்காத மனிதர் தீயைத் தூக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

பெண் பிள்ளை. இரண்டு உயிரும் சுகம். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது சின்னையன் கையை நீட்டி வாங்கினார். உள்ளங்கை அளவு முகம். அந்த முகம் ஒரு கொட்டாவி விட்டது. அவ்வளவுதான், மனிதர் முடிந்துபோனார். எதிரே வந்த எல்லோரையும் நிறுத்தி, "கொட்டாவி உட்டதுங்க, நம்ம புள்ளை," என்று சொன்னார். முன்பின் தெரியாத ஒரு மலையாளத்துக்காரரிடமும் சொன்னார். அவரும் மரியாதைக்குச் சந்தோஷப்பட்டார்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு வழக்கம் ஏற்பட்டது. காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டியதும் கமலாத்தாள் கொண்டுவந்து அப்பன் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவாள். அவள் வரும்வரை பிள்ளை அவருடையது. அப்போது அவர் மோட்டாரைப் பற்றிப் பேசுவதில்லை. பிள்ளையின் கால்கட்டை விரலைப் பற்றிப் பேசினார். டீக்கடையில் ஹார்ட் பேச்சு குறைந்தது. அங்கிருந்தவர்களுக்கு இது ஆறுதலாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. கால்கட்டை விரல் அதைவிட நீளமாகப் போனது.

நோம்பிக்குப் பொங்கல் வைக்கிற அன்றைக்கு, பூவோட்டை இறக்கிவிட்டு, இந்தப் பிள்ளையைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் ஆத்தா வாசலில் போட்டு எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்கு உலகத்தில் வேறு வேலை எதுவும் பாக்கி இருந்த மாதிரி தெரியவில்லை.

நோம்பி சாட்டினார்கள். கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். பூவோடு எடுக்கிறவர்கள் வரிசையில் நின்று காப்புக் கட்டிக்கொண்டார்கள். பூசாரி நஞ்சப்பன் சின்னையன் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டுச் சட்டதிட்டங்களைச் சொன்னான். கவிச்சி ஆகாது. தாளிப்பு ஆகாது. ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது.

"அப்பறங்ணா, இங்கிலீஷ் மருந்தும் ஆகாதுங்க," என்றான்.

"அது எப்பத்திருந்து நஞ்சப்பா?"

"எப்பத்திருந்தும்தானுங்க. அம்மை போட்ட ஊட்டுல மாத்திரை குடுப்பாங்களா? ஆத்தா சூட்டுக்காரி. இங்கிலீஷ் மருந்தும் சூடு. சூட்டு மேல சூடு ஏத்தினா அவ தாங்குவாளுங்களா?"

முன்னால் பூவோடு எடுத்த யாரும் மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருந்ததில்லை. அதனால் இந்தச் சட்டம் நஞ்சப்பன் வாயில் அப்போதுதான் பிறந்ததா, பழையதா என்று யாருக்கும் தெரியவில்லை. சொன்னபிறகு பழையதாகிவிட்டது.

பழனாத்தாள் மட்டும் விடவில்லை. "நிறுத்தப்படாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாருங்க. பக்கத்துல சித்தூருக்குத்தான் வாரத்துல ரெண்டுநா வர்றாரல்ல. ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வந்துரலாம்."

"நேந்துக்கறப்ப டாக்டரைக் கேட்டா நேந்தேன்?"

"உங்க உடம்பு ஆத்தாளுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமில்ல. அப்பறம் எதுக்கு டாக்டரு?" என்றார் சின்னையன். பழனாத்தாள் வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். "இங்க பாரு புள்ள. ரெண்டு வருசமா நிக்காம ஓடற மோட்டாரு. எந்த மோட்டாரையும் நடுவுல ஆற உடோணும். ஆற உட்டாத்தான் உள்ள இருக்கற காயில் கம்பி கருகாம நிக்கும். நோம்பி முடியற வரைக்கும் ஆறட்டும். அப்பறம் மறுக்காப் போட்டுக்கலாம்."

தன் விளக்கத்தைத் தானே நம்பிப் பழகிய மனிதருக்கு வேறு யார் சொல்லி என்ன. மாத்திரை டப்பா பழனாத்தாள் கைக்குப் போனது.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. டீக்கடையில் அன்றைக்கு அவர் சுடுதண்ணீர் கேட்கவில்லை, எல்லோரும் கவனித்தார்கள். "ஆத்தா பாத்துக்கறா," என்றார். குரலில் பெருமை வழிந்தது. ஹார்ட்டும் அவருடையது, ஆத்தாளும் அவருடையவள்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. காலையில் உட்கார்ந்த இடத்தில் வேர்த்தது. வெயில் ஏறவே இல்லை, பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. நெஞ்சுக்குள் திடுதிடுவென்று ஓட்டம். காற்றுப் பிடித்த பம்புசெட் தண்ணீர் தூக்காமல் வெறுமனே அலறுமே, அந்த மாதிரி. மாட்டுக்குத் தவிடு வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் மார்பை யாரோ உள்ளேயிருந்து முறுக்கிப் பிழிகிற மாதிரி ஒரு பிடி. நின்றால் விட்டது, நடந்தால் பிடித்தது. விரல்கள் தந்தி போல ஆடின. காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி வேட்டியில் போனது.

பழனாத்தாள் பார்த்தாள். "இதுதானுங்க உங்க மோட்டாரு ஆறுற லட்சணமா?"

அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து கமலாத்தாள் பிள்ளையைக் கொண்டுவந்தாள். சாம்பிராணி வாசம். பிள்ளை முழித்திருந்தது. சின்னையன் ஒன்றும் யோசிக்காமல் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து நீட்டினார். கை ஆடியது. நிறுத்தப் பார்த்தார், இன்னும் ஆடியது. கமலாத்தாள் பாதி கொடுத்த பிள்ளையைத் திரும்ப மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"உங்க கை நெம்ப ஆடுதுங்கய்யா," என்றாள் மெதுவாக. "நாளைக்கு வெச்சுக்குங்க."

அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. தன் பிள்ளையைத்தான் பார்த்தாள். ஆனால் நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சின்னையன் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

மறுநாளும் கொடுக்கவில்லை. பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத்தான் கமலாத்தாள் சாப்பிடப் போனாள். அவர் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தார். தொட்டில் ஆட்டவே தேவையில்லை, அவர் பிடித்தாலே அது ஆடியது.

அன்று சாயங்காலம் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரம். பம்பை அடித்தார்கள். உறுமி இழுத்தது. காப்புக் கட்டினவர்கள் கம்பத்தைச் சுற்ற வேண்டும். சின்னையன் பாதி சுற்றுவதற்குள் நெஞ்சு பிடித்துக்கொண்டது. உடம்பெல்லாம் ஆடியது, முகத்தில் வேர்வை அருவியாகக் கொட்டியது. உட்கார இடம் தேடிக் கையை நீட்டினார்.

பூசாரி நஞ்சப்பன் அதைப் பார்த்தான். பார்த்தவன் கையிலிருந்த மணியை உயர்த்தினான்.

"ஆத்தா எறங்கிட்டாடோய்," என்றான்.

பம்பை வேகமெடுத்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நாலு பேர் ஓடிவந்து சின்னையனைப் பிடித்தார்கள். உட்கார வைக்க இல்லை, நிற்க வைக்க. தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், அது கொஞ்சம் சுகமாக இருந்தது. கையில் வேப்பிலைக் கொத்தைக் கொடுத்தார்கள். கை ஆடியதும் வேப்பிலை ஆடியது. அப்புறம் யாருக்கும் சந்தேகமே இல்லை.

"தாயே, மழை எப்பத் தாயே?"

சின்னையன் மூச்சு வாங்கினார். "வ... வரும்," என்றார்.

"என்ர எருமை போன தெச தெரியலியே தாயே," என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லாத்தாள். அந்த எருமை பள்ளத்துத் தோட்டத்தில் மேய்வதைச் சின்னையன் காலையில்தான் பார்த்திருந்தார். "பள்ளத்துல பாரு," என்றார். ஓடிப்போய்ப் பார்த்தார்கள். இருந்தது. ஊர் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

வலி கொஞ்சம் விட்டது. அப்போதுதான் கூட்டத்தில் பெரியமுத்து நிற்பது சின்னையன் கண்ணில் பட்டது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சின்னையன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு.

"வரப்புல இருக்கற அந்தத் தென்னைமரம்," என்றது சின்னையன் வாய், "அது எம்பட மகன் சின்னையனுதுடா."

கூட்டம் பெரியமுத்துவைப் பார்த்தது. பெரியமுத்து தலையைக் குனிந்து கும்பிட்டார். திரும்பிப் போகிறபோது பக்கத்திலிருந்தவரிடம், "ஆத்தாளுக்கு சர்வே நம்பரெல்லாம் அத்துப்படியா இருக்குது பாத்தியா," என்றார்.

அன்றைக்கு ஒருநாள்தான் சின்னையனுக்கு அந்தச் சந்தோஷம். மறுநாள் காலையிலேயே வாசலில் கூட்டம். சாமி வந்த வீடு என்று முற்றத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து வேப்பிலைத் தோரணம் கட்டிவிட்டார்கள். நஞ்சப்பன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுவிட்டான். அவரைத் தனியாக விடக்கூடாதாம். கொல்லைப்புறம் போனாலும் இரண்டு பேர் செம்போடு பின்னால் வந்தார்கள். எல்லோருக்கும் பழனாத்தாள்தான் காப்பி போட வேண்டியிருந்தது.

தன்மேல் ஆத்தா வந்திருக்கிறாளா இல்லையா என்று சின்னையனுக்கே சரியாகத் தெரியவில்லை. வந்திருந்தால் அவளும் ரொம்பச் சிரமப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள். படுத்தால் மூச்சு அடைத்தது. எழுந்தால் பிடித்தது. பயம் வந்தது. இத்தனை நாள் ஹார்ட் ஹார்ட் என்று ஊர் முழுக்கச் சொன்னவருக்கு, அது செத்துப்போகிற வியாதி என்பது அப்போதுதான் உறைத்தது.

சித்தூருக்கு டாக்டர் வருகிற நாளன்று பழனாத்தாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். மத்தியானம் திரும்பி வந்தவள், காற்று விடுங்க, காற்று விடுங்க என்று கூட்டத்தை விலக்கிவிட்டுக் கட்டில் பக்கத்தில் குனிந்தாள்.

"டாக்டரு தலையில அடிச்சுக்கிட்டாருங்க," என்றாள் காதோடு. "வெசையா ஓடற நெஞ்சை அந்த மாத்திரைதான் புடிச்சு வெச்சிருந்துதாம். ஒரேயடியா உட்டதுல, மொதல்ல இருந்ததுக்கும் மேல பாயுதாம். இந்த ஆட்டம், வேர்வை, புடிப்பு அல்லாமே அதுதானாம். இன்னைக்கே போட ஆரம்பிச்சுப்போட்டு, நாளைக்கும் சித்தூர்லதான் இருப்பாராம், கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு. உட்டா நெஞ்சு நின்னே போயிருமாம்."

சின்னையன் அவளைப் பார்த்தார். "மாத்திரை எங்க?"

"மடியில இருக்குதுங்க. வாயத் தொறங்க, யாரும் பாக்கல."

அவர் வாயைத் திறக்கவில்லை.

"ஏனுங்க, நஞ்சப்பனுக்காகவா பாக்கறீங்க?"

"அவங் கெடக்கறான். புள்ள, நான் எதுக்கு நேந்தேன்? அந்தக் குட்டிக்கு. நேந்ததை ஒளிச்சு மறைச்சு மீறிப்போட்டு, நாளைக்கு அதுக்கு ஒரு காச்சல் வந்துதுன்னா? நான் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெப்பேன்?"

"ரெண்டு உசிரைக் குடுத்தவ மூணாவது உசிரைக் கேப்பாளாங்க?"

"அது அவதான் சொல்லோணும். நீயோ நானோ சொல்ல முடியாது."

பழனாத்தாளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டு வெளியே போய்க் காப்பி போட்டாள்.

அடுத்த நாள் விடிந்ததும் வீட்டில் நிற்க இடமில்லை. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் குறி கேட்க வந்துவிட்டார்கள். சின்னையனைத் தூக்கி வாசலில் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். நஞ்சப்பன் வேப்பிலையைக் கையில் திணித்தான். உடம்பு ஒரு பக்கம் ஆடியது, நெஞ்சு இன்னொரு பக்கம் ஓடியது. யாரோ கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார்கள், யாரோ கிணற்றைப் பற்றிக் கேட்டார்கள். அவர் காதில் எதுவும் விழவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், கதவோரம், கமலாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பிள்ளை. அப்பனைப் பார்க்கிற அவள் கண்ணில் பயம் இருந்தது. பிள்ளையின் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள்.

அப்போது பிடித்த பிடி அதுவரை பிடிக்காத பிடி. தோள் வழியாக இறங்கி இடது கை முழுக்க ஓடியது. கண் இருட்டியது. சின்னையன் வேப்பிலையை விசிறியடித்தார்.

"அடேய் நஞ்சப்பா."

குரல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. பம்பை தானாக நின்றது.

"தாயே," என்றான் நஞ்சப்பன்.

"இவன் நெஞ்சுக்குள்ள என்னால உக்கார முடியலீடா. ஆடுதுடா. ஒரு நொடி நிக்க மாட்டேங்குது."

"என்ன செய்யோணும் தாயே? கெடாய் வெட்டட்டுங்களா?"

"கெடாய் வேண்டாம். மாத்திரை கொண்டா."

 நஞ்சப்பன் ஒரு எட்டுப் பக்கத்தில் வந்தான். "தாயே, அது... அது இங்கிலீஷ் மருந்துங்களே."

"எனக்குத் தெரியாத பாசையாடா அது?"

"இல்லீங்க தாயே, சூடுங்களே, ஆகாதுன்னு..."

"யாருடா சொன்னது ஆகாதுன்னு? நான் சொன்னனா? உன்ர காதுல வந்து சொன்னனா?"

நஞ்சப்பன் சுற்றிப் பார்த்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். "நீங்க சொல்லலீங்க தாயே," என்றான்.

"எம்பட மகன் வாக்குத் தவறல. நான் உத்தரவு குடுக்கறேன். குடுங்கடா."

அதற்குள் பழனாத்தாள் ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீருமாக நின்றிருந்தாள். தெய்வம் கேட்டு முடிப்பதற்குள் எப்படி வந்தாள் என்று அந்தக் கூட்டத்தில் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நஞ்சப்பன் ஒருவழியாகச் சுதாரித்துக்கொண்டு, மாத்திரைமேல் மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டுத் தெளித்துத் திருநீறும் போட்டான். பழனாத்தாள் அதை முந்தானையில் துடைத்துவிட்டு வாயில் போட்டாள். சின்னையன் முழுங்கினார். பெண்கள் குலவையிட்டார்கள்.

"இன்னும் ஒண்ணு," என்றது குரல், கொஞ்சம் தணிந்து. "இவனைக் காரு வெச்சுச் சித்தூருக்குக் கூட்டிப்போங்கடா. வெயிலேறறதுக்குள்ள."

ஊரில் கார் இருந்தது பெரியமுத்துவிடம் மட்டும்தான். அவர் ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வந்தார். வழியெல்லாம் பின்சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். "மாப்பிளே, மூச்சு உடறயா? உட்டுக்கிட்டே இரு. தென்னைமரம் உனக்குத்தான். மூச்சு மட்டும் உடு," என்றார். 

சித்தூரில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார், பிரஷர் பார்த்தார்.  அப்புறம் பேசினார்.

"நான் அன்னு எந்தாணு சொன்னது? நிறுத்தான் பாடில்லன்னு சொன்னதா, இல்லியா?"

"சொன்னீங்க."

"பின்ன ஆரு நிறுத்தச் சொன்னது?"

"பூசாரி."

"மறுபடி தின்ன ஆரு சொன்னது?"

சின்னையன் பழனாத்தாளைப் பார்த்தார். பழனாத்தாள் ஜன்னலைப் பார்த்தாள். "ஆத்தாங்க," என்றார் சின்னையன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த ஆத்தாகிட்ட என்ர நமஸ்காரம் சொல்லணும்," என்றார். சாயங்காலம் வரைக்கும் அங்கேயே படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, தீச்சட்டி என்ற பேச்சே கூடாது, பிடிப்பு திரும்ப வந்தால் காப்பாவது கயிறாவது, அந்த நிமிஷமே பாலக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒன்றொன்றாகச் சொல்லி அனுப்பினார்.

வேர்வை முதலில் நின்றது. நெஞ்சின் ஓட்டம் மெல்ல மெல்ல நடையாயிற்று. கட்டிலில் கிடந்தபடி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் குறையக் குறைய வாசலில் கூட்டமும் குறைந்தது. ஆடாத கையிடம் யார் குறி கேட்பார்கள். நஞ்சப்பன் பாயைச் சுருட்டிக்கொண்டு போனான். போகிறபோது, ஆத்தா உத்தரவு கேட்டுவிட்டுச் சாப்பிடுகிற மருந்துக்குத் தோஷமில்லை, இது பழைய சட்டம்தான் என்று ஊருக்கு அறிவித்துவிட்டும் போனான். பெரியமுத்து அந்த வாரமே பாலக்காட்டுக்குப் போய் நெஞ்சில் ஒயர் மாட்டிப் பார்த்தார். உங்களுக்கு ஒன்றுமில்லை, நல்லா இருக்கிறீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மனிதர் நாலு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பூவோட்டைப் பழனாத்தாள் எடுத்தாள். புருஷன் நேர்ந்ததைப் பெண்சாதி எடுக்கலாமா என்று நஞ்சப்பன் ஆரம்பித்தான். "ஆத்தாளைக் கூப்புட்டுக் கேக்கட்டுமா?" என்றாள் அவள். அவன் அத்தோடு காப்பைக் கட்டிவிட்டான்.

பொங்கல் அன்றைக்குச் சின்னையனைக் கோயிலுக்கு எதிர்ப்பந்தலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். கமலாத்தாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் செம்பு, விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

"மொதல்ல இதைப் புடிங்கய்யா."

"என்னத்துக்கம்மிணி?"

"புடிங்க."

அவர் பிடித்தார். கண்ணை எடுக்காமல் தண்ணீரையே பார்த்தார். கமலாத்தாளும் தண்ணீரைத்தான் பார்த்தாள். தண்ணீரில் பந்தல் துணி தெரிந்தது, அசையாமல் தெரிந்தது. அவள் செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தன் கையை உடனே எடுத்துவிடவில்லை. அப்புறம் எடுத்தாள்.

மகள் ஒரு பக்கம் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, நாலு எட்டு நடந்து ஆத்தா வாசலில் பிள்ளையைப் போட்டு எடுத்தார். கல் சில்லென்று இருந்திருக்க வேண்டும், பிள்ளை வீலென்று அழுதது. மறுபடியும் நாற்காலிக்கு வந்து மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தார்.

பம்பை நெருங்கி வந்தது. பழனாத்தாள் முகமெல்லாம் சிவந்து, தீச்சட்டியோடு, அவரைத் திரும்பியும் பார்க்காமல் போனாள். பின்னாலேயே நஞ்சப்பன் ஓடிவந்தான்.

"அண்ணா, சித்த எந்திரிச்சு வாங்க. வெளியூர்க்காரங்க வந்து காத்துக்கெடக்கறாங்க. ஆத்தா உங்க மேலதான வருவா. ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்து உக்காந்துக்கலாம்."

"கையில புள்ளை இருக்குது," என்றார் சின்னையன்.

"அதை அம்மிணிகிட்டக் குடுத்துப்போட்டு..."

"குடுக்கறதா இல்ல. போ."

நஞ்சப்பன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். கை ஆடுகிறதா என்று பார்த்திருப்பான். அப்புறம் போய்விட்டான். பம்பைச் சத்தம் அடுத்த வீதிக்குத் திரும்பியது. பிள்ளை தூங்கிவிட்டது. பிள்ளை கிடந்த பக்கத்துக் கால் சின்னையனுக்கு மரத்து, மரப்பு முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது. அதை யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.